அழுங்குக்கு ஏன் பல் இல்லை?

பூச்சி தின்று வாழும் விலங்குகள் என்றதும் தவளையும் பல்லியும்தான் நினைவுக்கு வரும். சின்ன வயிறு, அன்றாடம் நாலு பூச்சி கிடைத்தால் போதும். பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டி ஒன்று எறும்பையும் கரையானையும் நம்பியே காலம் தள்ளுவது எப்படி?

எறும்புத்தின்னி என்று ஊர்ப்புறங்களில் அழைக்கப்படும் அழுங்கின் உடலிலேயே இதற்கு விடை இருக்கிறது. கண்பார்வை மந்தம் என்பதால் இரவில் மோப்பம் பிடித்தே இரை தேடுகிறது. புற்று கிடைத்ததும் முன்னங்கால் நகங்களால் பெயர்த்துத் துளை போடும். கூர் மழுங்காமலிருக்க, நடக்கும்போது அந்த நகங்களை உட்புறமாக மடக்கிக்கொள்ளும். துளைக்குள் ஒரு சாண் நீள நாக்கு நுழைந்து நுழைந்து வெளிவரும். அதன் பசை எச்சிலில் எறும்பும் முட்டையும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். கடிக்க வரும் எறும்புகள் புகாதபடி மூக்கும் காதும் மூடிக்கொள்ள, தடித்த இமைகள் கண்ணைக் காக்கும். இவ்வளவு நீள நாக்கின் வேர் தொண்டையோடு நிற்காமல் நெஞ்செலும்பின் கடைசி முனை வரை போகிறது.

இந்த இரையை மெல்ல வேண்டியதில்லை, அள்ளினால் போதும். அதனால்தான் அழுங்குக்குப் பல்லே இல்லை. அரைக்கும் வேலை இரைப்பைக்கு. இரையோடு விழுங்கிய மணலும் சிறு கற்களும் அதற்குக் கைகொடுக்கின்றன.

தென் அமெரிக்க எறும்புண்ணிக்கும் ஆப்பிரிக்காவின் ஆர்ட்வார்க்குக்கும் இதேபோல் நீண்ட நாக்கு, வலுத்த நகம். ஆனால் மூன்றும் நெருங்கிய சொந்தம் இல்லை. ஆர்ட்வார்க் யானையின் தூரத்து உறவு. அழுங்குக்கு நெருங்கிய உறவு, மரபணு ஆய்வுகளின்படி, பூனையும் நாயும் அடங்கிய ஊனுண்ணி வரிசை. வம்சம் வேறானாலும் ஒரே உணவு உடலை ஒரே மாதிரி வார்த்திருக்கிறது.

ஆபத்து வந்தால் அழுங்கு ஓடாது. வயிற்றை உள்ளே வைத்து, செதில் போர்த்திய பந்தாகச் சுருண்டுவிடும். சிறுத்தை புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மனிதனுக்கோ தூக்கிச் சாக்கில் போட அதுவே வசதி. உலகிலுள்ள எட்டு வகை அழுங்குகளும் இறைச்சிக்காகவும் செதிலுக்காகவும் வேட்டையாடப்படுகின்றன. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி என்பதால் இழப்பை ஈடுகட்டவும் வழியில்லை. வனவிலங்கு வணிகம் பற்றிப் பேச ஜோகன்னஸ்பர்க்கில் 2016இல் கூடிய நாடுகள் எட்டு வகைகளின் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை விதித்தன.

செதிலில் மருந்து இருப்பதாகச் சொல்வது கட்டுக்கதை. அது நம் நகத்திலுள்ள அதே கெரட்டின்தான். நகத்தைக் கடித்துத் தின்றால் எந்த நோய் தீருமோ, அந்த நோய்தான் அதனாலும் தீரும். இந்தியாவில் அழுங்கை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. தோட்டத்திலோ வரப்பிலோ அழுங்கைக் கண்டால் தொடாதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள்; வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.