நிமிர்ந்து நில், கட்டடமே!

ஆபீஸ் டூர் போகிறீர்கள். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் முன்னால் சகாக்களை நிறுத்தி, உச்சிக் கலசமும் விழட்டும் என்று கேமராவை அண்ணாந்து பிடித்து ஒரு 'க்ளிக்'. வீட்டுக்கு வந்து பார்த்தால், சாப்பாட்டுக்கப்புறம் ஈஸிசேரில் சாய்ந்த தாத்தா மாதிரி கோபுரம் பின்னால் சாய்ந்திருக்கிறது!

கோபுரத்தின் மேல் தப்பில்லை, உங்கள் மேலும் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் சென்சார், சுவருக்கு இணையாக நிற்கிற வரை சுவரின் நேர்கோடுகளும் இணையாகவே விழும். நீங்கள் அண்ணாந்ததும் சென்சாரும் சாய்கிறது. மேலே போகப் போகக் கோடுகள் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. அவ்வளவுதான் சமாசாரம்.

டூர் போட்டோவில் இதை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் இதுவே பிழைப்பு என்றால் கதை வேறு. என் நண்பர் ஒருவர் அடுக்குமாடிக் கட்டடங்களைப் படமெடுத்துச் சம்பாதிப்பவர். ஒரு பில்டர், "ஏன் ஸார், என் பில்டிங் என்ன பைசா நகரத்துலயா இருக்கு?" என்று கேட்டுப் பாதிப் பணத்தை நிறுத்திவிட்டார். கோணல் படத்துக்கு நேரான செக் வராது! அதற்கப்புறம்தான் நண்பர் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸை வாடகைக்கு எடுக்க ஆரம்பித்தார். நானும் ஒருநாள் முக்காலி தூக்கிக்கொண்டு கூடவே போனேன்.

பார்க்கக் குண்டாக, பக்கவாட்டில் திருகுகளோடு இருக்கிறது இந்த வஸ்து. திருகினால் லென்ஸ் மேலும் கீழும் நகர்கிறது, இது ஷிஃப்ட். இன்னொன்றைத் திருகினால் தலையைச் சாய்க்கிறது, இது டில்ட். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுப்பார்களே, அந்தத் துருத்தி கேமராக்களில் இருந்த வித்தைதான். சின்னக் கேமராவுக்கு முதலில் ஷிஃப்ட் மட்டும் கொண்டுவந்தது நிக்கான், 1960களின் தொடக்கத்தில். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது கேனான், 1973-ல்.

ஷிஃப்ட் வேலை செய்யும் விதம் எளிது. சாதாரண லென்ஸ், சென்சாரை மூடுகிற அளவுக்குத்தான் வெளிச்ச வட்டம் போடும். ஃபுல் ஃப்ரேமின் மூலைக்கு மூலை 43 மில்லிமீட்டர். 2009-ல் வந்த கேனான் 24 மி.மீ. லென்ஸ் 67 மி.மீ. வட்டம் போடுகிறது. அந்த உபரி இடத்தில்தான் 12 மி.மீ. வரை நகர்ந்து விளையாடலாம். கேமரா நிமிர்ந்தே இருக்கும், பார்வை மட்டும் மேலே போகும்.

பி.காம். மூளை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். ராஜகோபுரம் 236 அடி. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, சாய்க்காமல் 24 மி.மீ. லென்ஸில் எடுக்க, சுமார் 310 அடி பின்னால் போக வேண்டும். நடுவில் கரண்ட் கம்பி, ஆட்டோ, பூக்கடை எல்லாம் வரும். 12 மி.மீ. ஷிஃப்ட் செய்தால் சுமார் 185 அடி போதும். 125 அடி லாபம்!

இன்னொரு லாபம்: நிலைக்கண்ணாடியை நேராக எடுத்தால் நாமும் விழுவோம். ஒதுங்கி நின்று லென்ஸைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கண்ணாடி நேராகவே இருக்கும், நாம் இருக்க மாட்டோம். கடன்காரருக்குப் பயந்து ஒளிகிறவர்கள் இந்த முறையைப் பரிசீலிக்கலாம்.

டில்ட் கொஞ்சம் சூட்சுமம். ஆஸ்திரிய ராணுவ கேப்டன் தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் 1904-ல் காப்புரிமையில் விளக்கிய விதி இது. லென்ஸைச் சாய்த்தால் ஃபோகஸ் ஆகும் தளமும் சாயும். ஐந்தடி உயரத்தில் கேமராவை வைத்து, 24 மி.மீ. லென்ஸை ஒரே ஒரு டிகிரி முன்னால் சாய்த்தால் போதும். காலடிக் கோலத்திலிருந்து தெருக்கோடி வரை தரை முழுக்கத் தெளிவு! லென்ஸ் எட்டரை டிகிரி வரை சாயும் என்பதற்காகச் சாய்த்துத் தள்ளக் கூடாது.

வேண்டுமென்றே அதிகம் சாய்த்தால் வேறு கூத்து. நடுவில் ஒரு பட்டை மட்டும் தெளிவாகி, மற்றதெல்லாம் மங்கி, ஊரே நவராத்திரி கொலு மாதிரி ஆகிவிடும். 2010-ல் வந்த 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்தின் படகுப் போட்டிக் காட்சியைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

இப்போது செலவுப் பக்கம். இந்த 24 மி.மீ. லென்ஸின் விலை லட்சம் ரூபாய்க்கு மேல். அதற்கு ஆட்டோஃபோகஸ் கூடக் கிடையாது! திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக் கையால்தான் திருக வேண்டும். பழைய டி.எஸ்.எல்.ஆர். என்றால் நகர்த்தியதும் வெளிச்ச மீட்டர் தப்புத்தப்பாகச் சொல்லும், முன்னாடியே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

"கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனைத் தட்டினா நிமிர்ந்துடுமே?" என்றேன். நண்பர் சிரித்தார். "நிமிரும். ஆனா மேல் பாதியை இழுத்து நிமிர்த்தும். சப்பாத்தி மாவை இழுத்தா மெலியற மாதிரி விவரம் மெலியும். ரெண்டு ஓரமும் வெட்டுப்படும். மொபைல்ல பார்க்கிறவனுக்குத் தெரியாது. பத்தடி பேனர்ல தெரியும்."

அவருடைய ஐந்தொகை இது: வீட்டுத் தரகருக்கு எடுத்தால் கம்ப்யூட்டர். பெரிய பேனர் என்றால் வாடகை லென்ஸ். சொந்தமாக வாங்குவது, வருஷத்து வாடகை விலையை நெருங்கும்போது. அப்போதும் முழுக்க நிமிர்த்துவதில்லை, ஒரு துளி சரிவை விட்டுவைக்கிறார். ரொம்ப உயரமான கட்டடத்தை ஸ்கேல் வைத்த மாதிரி நிமிர்த்தினால், மேல்பக்கம் தலை வீங்கின மாதிரி தெரியுமாம்.

லென்ஸுக்கு வழியில்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடிக்குப் போங்கள். வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான். மொபைலை நேராகப் பிடித்து எடுத்துவிட்டு, கீழே தேவையில்லாத தெருவை வெட்டிவிடுங்கள். அதுவும் ஏழைக்கேற்ற ஷிஃப்ட்தான். செலவு, மாடிப்படி ஏறின மூச்சிரைப்பு மட்டும்!