பினாங்குத் தெருவின் கிட்டங்கிகள்: அன்றும் இன்றும்

பினாங்கு நகரத்தார் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வெள்ளி ரதம். காரைக்குடியில் செய்து, கப்பலேற்றி, 1894-ல் இங்கே கொண்டுவந்தார்கள். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு முதல் நாள், செட்டிப் பூசத்தன்று காலையில், பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து அது புறப்படுகிறது. வழிநெடுகச் சீனர்களும் தமிழர்களும் சிதறுதேங்காய் உடைக்க, மெல்ல ஊர்ந்து தண்ணீர்மலை அடிவாரத்து நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலைப் போய்ச் சேருகிறது.

கோயில் அங்கே இருக்க, ரதம் ஏன் துறைமுகத்தை ஒட்டிய கடைத்தெருவிலிருந்து கிளம்ப வேண்டும்? தண்ணீர்மலைக் கோயிலைக் கட்டி 1857-ல் குடமுழுக்குச் செய்தவர்கள் தொழில் செய்ததும், உண்டதும், உறங்கியதும் இந்தத் தெருவின் கிட்டங்கிகளில்தான். முருகன் தன் பிள்ளைகள் இருந்த இடத்துக்கு வந்து போகிறான் என்றே எனக்குத் தோன்றும்.

கிட்டங்கி என்பது முன்பக்கம் குறுகி, உள்ளே நீண்டு போகும் கட்டடம். கூடத்தின் இரு சுவர்களையும் ஒட்டி வரிசையாகப் பாய்கள். ஒவ்வொரு பாயிலும் ஒரு மரப்பெட்டி. சப்பணமிட்டு உட்கார்ந்தால் மடிக்கு நேராக வருகிற உயரம். மேற்பலகைதான் எழுதும் மேசை. அதைத் தூக்கினால் உள்ளே பேரேடு, பேனா, அன்றைய ரொக்கம். அந்த ஒரு பாயும் ஒரு பெட்டியும்தான் ஒரு முழு வட்டிக்கடை. பக்கத்துப் பாயில் வேறொரு விலாசம். ஒரே கூரையின் கீழ் இப்படிப் பல கடைகள். பின்கட்டில் எல்லோருக்கும் பொதுவான அடுப்பு. சமையல்காரர் சம்பளத்தையும் வாடகையையும் பங்கிட்டுக்கொள்வார்கள். படுக்கை அங்கேயோ, மாடியிலோ.

அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருந்தவர் முதலாளி அல்ல, அவருடைய ஏஜெண்டு. முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில். ஏஜெண்டுக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். மீசை முளைக்காத வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த பிள்ளைகள் கூட்டிப் பெருக்கி, தபால் கொண்டுபோய், வட்டி கணக்குப் போடக் கற்றுக்கொண்டு மேலே வந்தார்கள். சம்பளச் சீட்டு எழுதி, பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கு. பிறகுதான் ஊருக்குத் திரும்பலாம். மனைவி மக்களைக் கூட்டிவருவது நெடுங்காலம் வழக்கத்தில் இல்லை. பொருளீட்டிய கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மூன்றாண்டுகள் கடிதத்தோடு மட்டும் குடும்பம் நடத்திய அந்தப் பெண்களின் கதையை யாரும் முழுதாகச் சொல்லவில்லை.

இந்த அமைப்பின் உயிர்நாடி மகமை. வரவில் ஒரு பங்கு கோயிலுக்கு. அந்தக் கோயிலே சங்கமாகவும், வழக்குத் தீர்க்கிற இடமாகவும், வட்டி விகிதம் பேசி முடிக்கிற சபையாகவும் இருந்தது. புதிதாக வந்து இறங்கியவனுக்குச் சோறும் பாயும் கிடைத்தன. பேரேட்டில் பொய் எழுதியவனுக்கு அடுத்த ஊரிலும் வேலை கிடைக்காது.

பிழைக்கப் போன இடத்தில் தங்களுக்குள் ஓர் அமைப்பை உண்டாக்கிக்கொள்வது எல்லா இனத்துக்கும் பொது. பினாங்குச் சீனர்களுக்குக் கொங்சி இருந்தது. வெள்ளி ரதம் வந்த மறு ஆண்டு, 1895-ல், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நார்வே நாட்டுக் குடியேறிகள் 18 பேர் சேர்ந்து ‘சன்ஸ் ஆஃப் நார்வே’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். நோயிலும் சாவிலும் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதற்காகத் தொடங்கியது அது. பேரப்பிள்ளைகள் காலத்தில் நார்வே மொழி வகுப்பு, நாட்டுப்புற நடனம், பாட்டி வீட்டுப் பலகாரம் என்று மரபைக் காக்கும் மன்றமாகிவிட்டது. கிட்டங்கி அப்படி மாறவில்லை. அதன் பக்தி கோயிலுக்குப் போனது. தொழில் அறுந்தது.

அறுந்ததற்குக் காரணங்கள் உண்டு. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிய, கடன் வாங்கியவர்களின் நிலமும் தோட்டமும் செட்டியார்கள் கைக்கு வந்தன. மலாய் விவசாயிகளுக்கு அது பெரிய அடி. அந்த மனத்தாங்கலில் நியாயம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. 1933-ல் கூட்டு மலாய் மாநிலங்களின் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் கடுமையானது. அந்த நிலங்களை மலாய்க்காரர் அல்லாதார் அடமானம் பிடிக்க முடியாமல் போனது. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் ஜார்ஜ்டவுன் மீது விழுந்தன. ஆக்கிரமிப்புக் காலத்தில் பழைய கடன்கள் ஜப்பான் நோட்டில் திரும்பி வந்தன. 1945-ல் அந்த நோட்டு வெறும் காகிதம். ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் போர்க்காலத்துப் பினாங்கு வட்டிக்கடைகளின் உலகம் உயிரோடு இருக்கிறது. 1951-ல் லேவாதேவிச் சட்டம். பிறகு குடியுரிமைக் கேள்வி, வேலை அனுமதிக் கெடுபிடி. ஊரிலிருந்து பெட்டியடிப் பையன் வருவது நின்றபோது கிட்டங்கியின் வேரே வற்றியது.

அந்தத் தொழிலின் ஒரு கிளை வங்கியாக மாறியதையும் சொல்ல வேண்டும். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தார். அடுத்த கிளை பினாங்கில். 1969-ல் இந்திய அரசு அதை நாட்டுடைமையாக்க, வெளிநாட்டு அரசின் வங்கியை மலேசியச் சட்டம் அனுமதிக்காததால், இங்கிருந்த மூன்று இந்திய வங்கிகளின் கிளைகள் 1973-ல் யுனைடெட் ஏசியன் வங்கியாயின. அதுவும் பின்னாளில் இன்னொரு வங்கியில் கரைந்தது.

இன்று பினாங்குத் தெருவில் நடந்தால் சேலைக்கடை, பூக்கடை, நாணய மாற்றுக் கடை, காதைப் பிளக்கும் சினிமாப் பாட்டு. பெயர் லிட்டில் இந்தியா. கட்டடங்கள் மட்டும் பெரும்பாலும் பழையவையே. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளை நகர மறுசீரமைப்பு தரைமட்டமாக்கிவிட்டது. பினாங்கைக் காப்பாற்றியது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகை ஏறாததால் இடித்துக் கட்ட யாருக்கும் ஆசை வரவில்லை. 2000-ல் அந்தக் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியதும் பலர் வீட்டைக் காலிசெய்து போனார்கள். 2008-ல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சுவர்கள் பிழைத்துக்கொண்டன.

நகரத்தார் பிள்ளைகள் இப்போது மலேசியக் குடிமக்கள். படித்து வேறு வேறு வேலைகளில் இருக்கிறார்கள். கோயிலை ஒரு குறையுமில்லாமல் நடத்துகிறார்கள். 2017-ல் தண்ணீர்மலை மேலுள்ள இன்னொரு முருகன் கோயிலுக்குத் தங்க ரதமும் வந்துவிட்டது. பக்தியை நாம் நன்றாகவே காத்திருக்கிறோம். கணக்கைத்தான் கைவிட்டோம். யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள், எந்த ஈயச் சுரங்கமும் எந்த மளிகைக்கடையும் அந்தப் பணத்தில் எழுந்தன, யார் நொடித்தார்கள் என்பதெல்லாம் பேரேடுகளில் இருக்கிறது. கோயில் பதிவேட்டில் அது கிடைக்காது.

அந்தப் பேரேடுகளில் பல இன்னும் செட்டிநாட்டு வீடுகளின் பரண்களிலும் பினாங்கு அலமாரிகளிலும் கிடக்கக்கூடும். கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு தனிமனிதராகச் சேர்த்த புத்தகங்களிலிருந்துதான் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே உருவானது. ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஐயா எழுதிய பேரேடோ, சம்பளச் சீட்டோ, பினாங்கு முத்திரை விழுந்த கடிதமோ இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால், ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்தாவது வையுங்கள்.