மின்விசை நின்ற இல்லம்

மின்விசை நின்றுபோவதைக் குறிக்க இன்று வழங்கும் சொல் ஒன்றன்று. நாளிதழ்கள் ‘மின்தடை’ என்கின்றன. அறிவியல் ஆசிரியருக்கோ மின்தடை என்பது ஓம் என்னும் அலகால் அளக்கப்படும் கம்பியின் பண்பு. ‘மின்வெட்டு’ என்பது, தமிழ்நாட்டிற்போல் நேரங்குறித்து நிறுத்துவதற்கே பொருந்தும். மலேசியாவில் வழங்கும் ‘மின் துண்டிப்பு’, கட்டணம் செலுத்தாதவர் வீட்டுக்கும் சொல்லப்படுவது. இவற்றைவிடத் தோட்டத்து மக்கள் சொல்லும் ‘கரண்டு போச்சு’ என்பதே தெளிவானது எனலாம். சொல் எதுவாயினும், அது எங்கே போயிற்று என்று அறிவதே முதல் வேலை.

அண்டை வீட்டில் விளக்கு எரியுமானால் குறை தன் வீட்டில் என்பது வெளிப்படை. இடிமழை மிகுந்த மலாக்காவில் இது புதிதன்று. மின்கசிவைக் கண்டதும் தானே விழும் பாதுகாப்பு விசை ‘டிரிப்’ ஆகிவிடுகிறது. எல்லாச் செருகிகளையும் பிடுங்கிவிட்டு விசையை உயர்த்த வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் செருக, எதைச் செருகும்போது விசை விழுகிறதோ அந்தக் கருவியே குற்றவாளி. ஒன்றும் செருகாமலே விழுமானால் சுவருக்குள் செல்லும் கம்பியில் பழுது. அதை உரிமம் பெற்ற மின்பணியாளரே பார்க்க வேண்டும்.

தெருவே இருண்டிருந்தால் செய்தி வேறு. தீபகற்பத்தின் மின்நிலையங்கள் யாவும் ஒரே வலையில் பிணைக்கப்பட்டவை; பல எருதுகள் சேர்ந்து ஒரு பெருவண்டியை மேட்டில் இழுப்பது போன்றது அந்த ஏற்பாடு. ஓர் எருது திடீரென விழுந்தால் சுமை மற்றவற்றின்மேல் ஏறும், வேகம் குறையும். வினாடிக்கு 50 சுழற்சி என்னும் அளவு தாழ்ந்தால், எந்திரங்கள் பழுதாகாதிருக்கப் பிற நிலையங்களும் அடுத்தடுத்துத் தம்மைக் கழற்றிக்கொள்ளும். 1996 ஆகஸ்டு 3ஆம் நாள் மாலை, திரெங்கானுவில் பாக்கா மின்நிலையத்தருகே ஒரு மின்தொடர் அறுபட்டதும் தீபகற்பம் முழுவதும் இருண்டது இவ்வாறே. மலாக்காக் கரையிலேயே தஞ்சோங் கிளிங்கிலும் தெலுக் கோங்கிலும் மின்நிலையங்கள் கட்டப்பட்டன. எனினும் நிலையத்துக்கு அண்மையில் குடியிருப்பதால் மட்டும் ஒருவர் தப்பிவிட முடியாது. நிலையத்தைத் தொடக்கவும் மின்சாரம் வேண்டும் என்பதால், வலை முழுதும் விழுந்த பின் எழுவதற்குப் பல மணி நேரம் ஆகும்.

இத்தகைய இரவுக்குத் தோட்டத்து லயங்கள் ஒரு காலத்தில் எப்போதுமே ஆயத்தமாக இருந்தன. டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டது முதல் மலாக்காவில் தோட்டங்கள் பெருகின. மின்சாரமோ மிகப் பிந்தியே வந்தது. பல தோட்டங்களில் டீசல் எந்திரம் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடும். நின்றபின் அரிக்கேன் விளக்குத்தான். விடியுமுன் பால்வெட்டப் போவோர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரவரிசைக்குள் நடந்தனர். விறகு அடுப்பும், தொட்டி நீரும், மண்ணெண்ணெய்ப் போத்தலும் அவ்வீடுகளில் அன்றாடப் பொருள்கள். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், குடியிருப்புகளுக்குக் குழாய்நீரும் மின்சாரமும் தருவதை முதலாளியின் பொறுப்பாக்கியது. அது நல்ல சட்டமே. ஆனால் அதற்குள் பல குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்துவிட்டன. அங்கே விளக்கு, விசிறி, சோறு, மின்தூக்கி, தொலைபேசி ஆகிய அனைத்தும் ஒரே கம்பியில் தொங்குகின்றன, தண்ணீருங்கூட! மேல்தொட்டிக்கு நீரேற்றும் பம்பு நின்றால், தொட்டி காலியானவுடன் குழாயும் நின்றுவிடும்.

ஆகவே விளக்கைவிட நீரே முதற்கவலை. 1991இல் டுரியான் துங்கல் அணை வற்றி மலாக்கா பட்ட பாட்டை முதியோர் மறந்திரார். மின்சாரம் இருந்தும் நீர் இல்லாத காலம் அது. குடிக்கவும் சமைக்கவும் ஆளொன்றுக்கு நாளைக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளுக்கு மூடிய கலங்களில் வைத்திருப்பது போதுமானது. கழிப்பறைக்கு வேறு வாளி நீர் வேண்டும். திறந்த தொட்டியில் சேர்ப்பது டெங்கிக் கொசுவுக்கு வீடு கட்டித் தருவதாகும்.

குளிர்ப்பெட்டியைத் திறவாதிருந்தால் உணவு ஏறத்தாழ 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம் வரை தாங்கும். மீனைவிடப் பெரிய கவலை இன்சுலின். நீரிழிவு மலேசிய இந்தியரிடையே மிகுதியாதலால் பல வீடுகளில் அந்த மருந்து இருக்கிறது. பயன்பாட்டில் உள்ள குப்பி, பெரும்பாலான வகைகளில், 30 பாகை வெப்பத்துக்கு மேற்படாமல் ஏறத்தாழ 4 வாரம் கெடாதிருக்கும்; ஆகையால் சில மணி நேர இருளுக்கு அஞ்சி அதை எறிய வேண்டியதில்லை. திறவாத குப்பிகளுக்குப் பனிக்கட்டி இட்ட பெட்டி நல்லது. ஆனால் மருந்து பனிக்கட்டியைத் தொடலாகாது, உறைந்த இன்சுலின் பயனற்றது. ஈரமணல் சூழ்ந்த மண்பானை உலர்ந்த ஊர்களில் நன்கு குளிர்விக்கும். மலாக்காவின் ஈரக்காற்றில் நீர் விரைந்து ஆவியாகாததால் அதன் பயன் குறைவு.

இனி, இருளைவிடக் கொடியவை இருளைப் போக்க வந்த பொருள்களே. திரைச்சீலைக்கருகே மெழுகுவத்தி வைத்துத் தூங்கியதால் எரிந்த வீடுகள் உண்டு. மின்கலக் கைவிளக்கு இருக்க அது எதற்கு? மண்ணெண்ணெய் விளக்கில் எரியும்போதே எண்ணெய் ஊற்றலாகாது. சிறு மின்னாக்கி எந்திரம் வாங்குவோர் மழைக்கு அஞ்சி அதைச் சமையலறையிலோ தாழ்வாரத்திலோ வைப்பது பெருந்தவறு. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறப்பார். சன்னல்களுக்கு எட்டத்தில், திறந்தவெளியில்தான் அது ஓட வேண்டும். அதன் கம்பியைச் சுவர்ச்செருகியில் மாட்டி வீடு முழுதும் ஒளியூட்ட முயல்வதும் கூடாது. அந்த மின்சாரம் தெருக்கம்பிக்குப் பின்னோக்கிப் பாய்ந்து, ‘இதில் மின்சாரம் இல்லை’ என்று நம்பிக் கம்பத்தின்மேல் ஏறியிருக்கும் பணியாளரைக் கொல்லக்கூடும்.