வீட்டுக் கிணற்று நீர்: முதலில் சோதனை, பிறகே சுத்திகரிப்பு

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் அடிக்கடி காணும் காட்சி இது. சில குழந்தைகளின் முன்பற்களில் சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்திட்டுகள் இருக்கும். சிலருக்குக் குறுக்காகப் பழுப்புக் கோடுகள் ஓடும். "ஒழுங்காப் பல் தேய்க்கிறதில்லையா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் அது தேய்த்துப் போக்கக்கூடிய கறை அன்று. ஈறுக்குள் பல் உருவாகும் காலத்திலேயே, குடித்த நீரிலிருந்த மிகை ஃபுளூரைடு எனாமலைப் பாதித்ததன் அடையாளம் அது. அந்தக் குழந்தையைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை.

ஞானப்பற்கள் நீங்கலாக, நிலைத்த பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். எனவே ஐந்தாம் வகுப்பு மாணவியின் பல்லில் தெரியும் கறையை நீரை மாற்றுவதால் நீக்க முடியாது. ஆனால் அதே வீட்டில் தவழும் தம்பியின் பற்களைக் காப்பாற்ற முடியும். மூத்த பிள்ளையின் பல், இளைய பிள்ளைக்கான எச்சரிக்கை. அதை முதலில் கவனிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் வகுப்பாசிரியருக்கே கிடைக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இந்தச் சிக்கலுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. பொதுக் குழாயில் வரும் நீரைச் சோதிக்க அரசு அமைப்புகள் உண்டு. தோட்டத்துக் கிணற்றையும் வீட்டு ஆழ்துளைக் கிணற்றையும் வீட்டுக்காரர்தான் சோதிக்க வேண்டும். பல வீடுகளில், கிணறு வெட்டிய நாள் முதல் ஒருமுறைகூட அது நடந்திருக்காது.

நீரில் கலந்திருப்பவை

கிணற்று நீரின் குறைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. நுண்ணுயிரிகள்: மலக்குழிக் கசிவு, மாட்டுத் தொழுவக் கழிவு, மழை வெள்ளம் ஆகியவற்றால் கலப்பவை. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை போன்றவற்றுக்கு இவை காரணமாகின்றன.

2. உடலுக்குத் தீங்கு செய்யும் கரைபொருள்கள்: பாறைகளிலிருந்து கரையும் ஃபுளூரைடு, உரம், சாணம், மலக்கழிவு ஆகியவற்றிலிருந்து இறங்கும் நைட்ரேட். இவற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

3. தொல்லை தருபவை: கடினத்தன்மை, இரும்பு, உவர்ப்பு. சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு சேரும், இறைத்து வைத்த நீர் சிறிது நேரத்தில் செம்பழுப்பாகும்.

மக்கள் உடனே கவனிப்பது மூன்றாம் வகையைத்தான். பெரும் தீங்கு செய்வன முதல் இரண்டும். "தாத்தா காலத்துக் கிணறு, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்ற சொல் சோதனைக்கு ஈடாகாது.

மாதிரி எடுக்கும் முறை

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்துக்கொள்ளலாம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ், கிராமப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, களச் சோதனைப் பெட்டிகளும் வழங்கப்படுகின்றன. ஊராட்சியில் பெட்டி இருக்கிறதா என்று கேட்டறியலாம்.

வேதியியல் சோதனைக்கு ஒரு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும். அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். ஆழ்துளைக் கிணறானால் மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்ட பிறகு பிடிக்க வேண்டும்.

நுண்ணுயிர்ச் சோதனைக்கு முறை வேறு. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலையே பயன்படுத்த வேண்டும். அதை அலசக் கூடாது. வாயிலோ மூடியின் உட்புறத்திலோ விரல் படக் கூடாது. பனிக்கட்டியிட்ட பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்ப்பது நல்லது.

ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையும் சோதித்தால் கிணற்றின் இயல்பு தெரியும். கோடையில் நீர் குறையும்போது கரைபொருள்களின் அளவு கூடலாம். மழைக்குப் பின் கிருமிகள் கலக்கும் வாய்ப்பு அதிகம்.

அறிக்கையைப் படித்தல்

ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின்படி, ஒரு லிட்டர் குடிநீரில் இருக்கத்தக்க அளவுகள்:

- ஃபுளூரைடு: 1 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காதபோது அதிகபட்சம் 1.5
- நைட்ரேட்: 45 மில்லிகிராம், இதில் தளர்வு இல்லை
- மொத்தக் கடினத்தன்மை: 200 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காதபோது 600
- மொத்தக் கரைந்த திடப்பொருள்கள் (டி.டி.எஸ்.): 500 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காதபோது 2000

அமில காரத்தன்மை 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கடைகளில் விற்கும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டுமே காட்டும். அதில் ஃபுளூரைடு எவ்வளவு என்று சொல்லாது. கிருமிகளை அறவே காட்டாது. மீட்டரில் 300 என்று வந்ததால் நீர் பாதுகாப்பானது என்று முடிவு செய்வது தவறு.

குறைக்கேற்ற தீர்வு

கிருமிகள் இருந்தால், நீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, மூடி ஆறவைத்தால் போதும். விறகும் எரிவாயுவும் தட்டுப்பாடான இடத்தில், தெளிந்த நீரை நிறமற்ற பெட் பாட்டிலில் நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் படுக்க வைக்கலாம். மேகமூட்டமானால் இரண்டு நாள் வைக்க வேண்டும். பாட்டில் 2 லிட்டருக்கு மேற்படக் கூடாது.

ஃபுளூரைடும் நைட்ரேட்டும் கொதிக்க வைப்பதால் போகா. நீர் ஆவியாகிக் குறைவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நைட்ரேட் மிகுந்த நீரை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மாவு கரைக்கப் பயன்படுத்தக் கூடாது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். இவ்விரண்டுக்கும் சிறந்த தீர்வு, குடிக்கவும் சமைக்கவும் மட்டுமாவது வேறு நீருக்கு மாறுவது. கூட்டுக் குடிநீர்த் திட்ட நீரையோ, முதல் மழையைக் கழித்துவிட்டுச் சேமித்து, கிருமி நீக்கிய கூரை மழைநீரையோ பயன்படுத்தலாம். இயலாத இடத்தில் ஆர்.ஓ. கருவி இவற்றைக் குறைக்கும். ஆனால் கணிசமான நீர் கழிவாக வெளியேறும். ஃபுளூரைடுக்கு மட்டும் அலுமினா வடிகட்டியும் உண்டு.

புற ஊதா விளக்குக் கருவி கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும், உப்பைத் தொடாது. இரும்புக்கு, நீரை உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றோட்டம் கொடுத்து மணலில் வடித்தாலே பெரும்பகுதி நீங்கும். தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் தெளிய வைப்பவை. அப்படித் தெளிந்த நீரையும் காய்ச்சியே குடிக்க வேண்டும்.

கிணற்றில் குளோரின்: ஒரு கணக்கு

1000 லிட்டர் கிணற்று நீருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் தேவை. உயர் வகுப்பு மாணவர்களுக்கு உருளையின் கன அளவைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடைப்பது அரிது.

கிணற்றின் விட்டம் 3 மீட்டர், நீரின் ஆழம் 4 மீட்டர் எனில், 3.14 × 1.5 × 1.5 × 4 = 28.26 கன மீட்டர், அதாவது 28,260 லிட்டர். தேவைப்படும் பவுடர் 28.26 × 2.5, ஏறத்தாழ 70 கிராம். சதுரக் கிணறானால் நீளம் × அகலம் × ஆழம். நீர்மட்டம் மாறும்போதெல்லாம் கணக்கும் மாறும்.

பவுடரை வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட வேண்டும். மேலே தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குள் போகக் கூடாது. குறைந்தது ஒரு மணி நேரம் நீர் இறைக்கக் கூடாது. இரவில் இட்டுக் காலையில் பயன்படுத்துவது எளிது. இந்தப் பணியைப் பெரியவர்களே கையுறை அணிந்து செய்ய வேண்டும். மாணவர்களின் பங்கு கணக்கோடு நிற்கட்டும்.

கிணற்றுக்குப் பாதுகாப்பு இல்லாவிட்டால் குளோரினின் பயன் சில நாள்களே. உயர்ந்த சுற்றுச்சுவர், சுற்றிலும் சிமெண்ட் தளம், கழிவுநீர் விலகி ஓட வாய்க்கால் ஆகியவை வேண்டும். மலக்குழியும் தொழுவமும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

தொடக்க வகுப்பு மாணவர்கள் தம் வீட்டுக் கிணற்றையும், அதைச் சுற்றியுள்ள கழிப்பறை, தொழுவம், சாக்கடை ஆகியவற்றையும் படமாக வரையலாம். தூரத்தைக் காலடியால் அளந்து எழுதலாம். நடுநிலை வகுப்பில், ஒரே அளவு சோப்புக் கரைசலை வெவ்வேறு வீட்டு நீரில் கலந்து, நுரையின் உயரத்தை ஒப்பிடலாம். எந்த வீட்டு நீரையும் "கெட்ட தண்ணீர்" என்று பெயர் சொல்லிக் காட்டாமல், மாதிரிகளுக்கு எண் மட்டும் இடுவது நல்லது.

ஒரே குக்கிராமத்திலிருந்து வரும் பல குழந்தைகளின் பற்களில் கறை தெரிந்தாலோ, மழைக்குப் பின் ஒரே தெருப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கால் தொடர்ந்து விடுப்பு எடுத்தாலோ, அதைக் குறித்து வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தக் குறிப்பை முன்வைத்து, பெற்றோரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் கிணற்று நீரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?" பெரும்பாலோர் "இதுவரை இல்லை" என்றே சொல்வார்கள். அந்தத் தெருவிலிருந்து முதல் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் நாளையும் அதே கூட்டத்தில் முடிவு செய்துவிடலாம்.