சொந்த விமானமும் சூடான எண்ணெயும்

விமானம் என்றால் பெரிய தொழிற்சாலையும், சீருடை அணிந்த பொறியாளர்களும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அமெரிக்காவில் கார் நிறுத்தும் கொட்டகையிலேயே விமானம் கட்டி, அதில் ஏறிப் பறந்தும் வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பகலில் ஏதோ ஓர் உத்தியோகம். மாலையில் சுத்தியலும் ரிவெட்டும். இவர்களுக்காக பால் போபரெஸ்னி என்பவர் 1953-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சங்கம் தொடங்கினார். அதன் ஆண்டு விழா 1970 முதல் அதே மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் நடந்து வருகிறது. 2020-ல் மட்டும் கொள்ளை நோய் காரணமாக நடக்கவில்லை.

சட்டமும் இடம் கொடுக்கிறது. விமானத்தின் பெரும்பகுதி வேலையைக் கட்டுகிறவர் தம் அறிவு வளர்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ தாமே செய்திருந்தால் போதும். சோதனை வகை விமானம் என்று எழுதி அனுமதி தருவார்கள். எஞ்சினும் இன்னதுதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. கஷ்டம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

விமானத்துக்கென்றே செய்யப்படும் லைகமிங், கான்டினென்டல் எஞ்சின்கள் நம்பகமானவை. ஆனால் விலையைக் கேட்டால் மலைப்புத் தட்டும். ஆகவே சிலர் கார் எஞ்சினைத் தேடிப் போகிறார்கள். அவர்களில் ஒரு சிறு கூட்டத்தாருக்கு மாஸ்டா காரின் சுழல் எஞ்சின் மீது தீராத மோகம்.

சமோசா வடிவில் ஓர் எஞ்சின்

இதைக் கண்டவர் பெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியர். என்.எஸ்.யூ. கம்பெனியில் 1957-ல் முதல் மாதிரி ஓடிற்று. ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்து மாஸ்டா கம்பெனி அதற்கு உரிமம் வாங்கிப் படாதபாடு பட்டுச் செப்பனிட்டு, 1967-ல் காஸ்மோ என்ற காரிலும் 1978-ல் ஆர்எக்ஸ்-7 காரிலும் பொருத்தி விற்றது.

இதில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. இடுப்பு சற்றே ஒடுங்கிய முட்டை போன்ற கூட்டுக்குள், பக்கங்கள் உப்பிய முக்கோணம் ஒன்று, சமோசாவைப் போல், சுழல்கிறது. அதற்கு ரோட்டார் என்று பெயர். விமானக்காரர்கள் விரும்பும் 13பி என்ற எஞ்சினில் இரண்டு ரோட்டார்கள், ஒரு தண்டு. முக்கியமாக அசையும் உறுப்புகள் மூன்றே மூன்று. கொள்ளளவு 1308 சி.சி. ஆனால் 150 குதிரைச் சக்திக்கு மேல் தருகிறது. அதே சக்தி தரும் லைகமிங் எஞ்சினின் கொள்ளளவு 5200 சி.சி.க்கு மேல்! ஒரு வேறுபாடு: லைகமிங் நிமிடத்துக்கு 2700 சுற்றில் நேராக விசிறியைச் சுழற்றும். மாஸ்டா அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சுற்றுவதால் நடுவே பல்சக்கரப் பெட்டி வேண்டும்.

முதல் உலகப் போர் விமானங்களிலும் 'ரோட்டரி' எஞ்சின் இருந்ததே என்று விஷயம் தெரிந்த வாசகர்கள் கேட்கலாம். அது வேறு ஜாதி. அதில் சிலிண்டர்கள் அத்தனையும் விசிறியோடு சேர்ந்து சுற்றும். அதற்கு ஊற்றியது நம் ஊர் விளக்கெண்ணெய்! ஊற்றிய எண்ணெய் திரும்பி வராது. எரிந்தும் எரியாமலும் வெளியே தெறித்து விமானியின் முகத்தில் படியும். மாஸ்டாவில் எண்ணெய் சுற்றிச் சுற்றி வருகிறது. அப்படித் திரும்பி வரும்போது அது எவ்வளவு சூடாக வருகிறது என்பதே இங்கு பிரச்னை.

எண்ணெய்க்கு இரட்டை உத்தியோகம்

சாதாரண எஞ்சினில் எண்ணெய் முக்கியமாக உராய்வைக் குறைக்கும்; உஷ்ணத்தையும் கொஞ்சம் சுமந்து போகும். சுழல் எஞ்சினில் கதை வேறு. வெளிக்கூட்டைத் தண்ணீர் குளிர்விக்கிறது. உள்ளே சுழலும் ரோட்டாருக்குத் தண்ணீர் போக வழியில்லை. அதன் மூன்று முகங்களிலும் மாறி மாறி நெருப்பு. தண்டில் உள்ள நுண்துளைகள் வழியாக ரோட்டாரின் வெற்று வயிற்றுக்குள் எண்ணெயைப் பீச்சியடித்துத்தான் அதைக் குளிர வைக்கிறார்கள். குளிர்விக்க வேண்டிய மொத்த உஷ்ணத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த எண்ணெய் வழியே வெளியேறுகிறது. ஆகையால் லைகமிங் எஞ்சினுக்குப் போதுமான சிறிய எண்ணெய்க் குளிரூட்டியை இதற்கு மாட்டினால் காரியம் நடவாது.

எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானால் நீர்த்துப் போகும், அழுத்தம் குறையும், தண்டைத் தாங்கும் பேரிங்குகள் தேயும். ரோட்டாரின் பக்கத்திலுள்ள எண்ணெய் வளையங்களுக்கு அடியில் ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. அவை சூட்டில் கெட்டிப்பட்டால் எண்ணெய் எரியறைக்குள் கசிந்து புகையும். எஞ்சினுக்குள் நுழையும் எண்ணெய் 80 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருந்தால் நிம்மதி. 100-ஐ நெருங்கினால் சக்தியைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும் என்பது இவர்களுடைய பொதுவான வழக்கம். காரானால் சாலையோரம் நிறுத்திவிடலாம். தரையை விட்டு நூறு மீட்டர் ஏறியவருக்கு அந்த வசதி கிடையாது.

முதலில் மானியைச் சந்தேகி

எண்ணெய் சூடாகிறது என்றதும் பெரிய குளிரூட்டி வாங்க ஓடுகிறவர்கள்தான் அதிகம். பணமும் போகும், எடையும் கூடும், பல சமயம் சூடு மட்டும் அப்படியே இருக்கும். அளந்து பாராமல் பொருள் வாங்கக் கூடாது என்பதே என் கட்சி.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. உஷ்ணமானியின் உணர்முனையைக் கழற்றிக் கொதிநீரில் போட வேண்டும். கடல் மட்டத்தில் 100 டிகிரி காட்ட வேண்டும். நம் பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோதிக்கும் ஊரின் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். அடுத்த கேள்வி, அந்த உணர்முனை எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பது. குளிரூட்டிக்கு முன்னால் என்றால் எஞ்சினிலிருந்து வரும் சூடான எண்ணெயைக் காட்டும். பின்னால் என்றால் குளிர்ந்து திரும்பும் எண்ணெயைக் காட்டும். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் அதிகம். ஒருவர் 95 என்று பயப்படுவதும், இன்னொருவர் 95 என்று மகிழ்வதும் இதனால்தான்.

மானி சரி என்றால், குளிரூட்டியின் பின்புறம் வெளிவரும் காற்றின் சூட்டை அளக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. வெளிவரும் காற்று ஏறக்குறைய எண்ணெய் அளவுக்கே சூடாக இருந்தால், குளிரூட்டி தன் கடமையைச் செய்துவிட்டது. அதற்குப் போதிய காற்று வரவில்லை என்று பொருள். எண்ணெய் கொதிக்கிறது, காற்று மட்டும் வெதுவெதுப்பாக வருகிறது என்றால் குற்றவாளி வேறு. எண்ணெய் குளிரூட்டிக்குள் சரியாகப் புகவில்லை. அல்லது உள்ளே அடைத்திருக்கிறது. அல்லது குளிரூட்டியே நிஜமாகப் போதவில்லை. பழைய ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து கழற்றிய குளிரூட்டியில், குளிர்ந்த எண்ணெயைக் குறுக்கு வழியில் திருப்பிவிடும் வால்வு ஒன்று உண்டு. அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் எவ்வளவு காற்றடித்தும் பயனில்லை. குளிரூட்டியைத் தலைகீழாக, குழாய்வாய்கள் அடியில் இருக்கும்படி மாட்டினாலும் மேல்பகுதியில் காற்று தங்கி எண்ணெய்க்கு வழி விடாது.

கொத்தனாரின் ரப்பர் குழாய்

காற்றுதான் குறை என்று தெரிந்தால், அது எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கொத்தனார் மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் குழாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே சாதனம் இங்கும் உதவுகிறது. குழாயை வளைத்துச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் குளிரூட்டியின் முன்னாலும் மறுமுனையைப் பின்னாலும் வைத்து, நடுப்பகுதியை விமானியின் அருகே ஓர் அட்டையில் கட்டிவிட்டுப் பறந்தால், காற்றின் அழுத்த வித்தியாசத்தைத் தண்ணீரின் உயரம் சொல்லிவிடும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் முழு அழுத்தம் சுமார் 28 சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். வேகம் பாதியாகி 120 ஆனால் அழுத்தம் கால் பங்காகி 7 சென்டிமீட்டர்தான். இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். மேலே ஏறும்போது எஞ்சின் முழுச் சக்தியில் உழைக்கிறது. விமானமோ மெதுவாகப் போகிறது. உஷ்ணம் மிக அதிகமாக உண்டாகும் நேரத்தில்தான் காற்று மிகக் குறைவு. நம் ரயில்வேயில் நெடுங்காலம் ஓடிய டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் எண்ணெயைத் தண்ணீர் குளிர்விக்கும். தண்ணீரைப் பெரிய விசிறி குளிர்விக்கும். வண்டி மலையேறினாலும் விசிறி பாட்டுக்குச் சுற்றும். சில ஆர்எக்ஸ்-7 கார்களிலும் மாஸ்டா கம்பெனி தண்ணீரால் எண்ணெயைக் குளிர்வித்தது. விமானக்காரர்களிலும் சிலர் அந்த வழியில் போகிறார்கள். அப்போது எண்ணெயின் சுமை தண்ணீர் ரேடியேட்டர் மீது ஏறுகிறது என்பதை மறக்கக் கூடாது.

முழு அழுத்தமும் குளிரூட்டிக்குக் கிடைப்பதில்லை. காற்று நுழையும் வாய்க்கும் குளிரூட்டிக்கும் நடுவே விரியும் குழல் ஒன்று வேண்டும். வாய் சிறிதாகவும் முகம் பெரிதாகவும் இருந்தால், இடையே காற்று வேகம் தணிந்து அழுத்தம் கூடும். ஆனால் சுவர்கள் சட்டென்று விரிந்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழித்துக்கொண்டு, குளிரூட்டியின் ஒரு மூலையில் மட்டும் பாயும். மற்ற பகுதி சும்மா இருக்கும். நீளமான குழலுக்கு எஞ்சின் மூடிக்குள் இடம் ஏது? குசெமான், யோஹன்னா வெபர் என்ற இரு விஞ்ஞானிகள் 1953-ல் வெளியிட்ட நூல் ஒன்று இதற்கு வழி காட்டுகிறது. குழல் வெகுதூரம் மெல்லவே விரிந்து, குளிரூட்டிக்கு மிக அருகில் வந்தபின் நாகசுரத்தின் அணசு போலத் திடீரென மலர வேண்டும். கடைசி இடத்தில் குளிரூட்டியின் தடையே காற்றைச் சுவரோடு அணைத்துப் பரப்பிவிடுகிறது. சொந்த விமானக்காரர்கள் இந்த வடிவத்தை நுரைக்கட்டையில் செதுக்கிக் கண்ணாடி நார் ஒட்டிச் செய்துகொள்கிறார்கள்.

நுழைந்த காற்று வெளியேறவும் வேண்டுமே! வெளிவாய் குறுகலாக இருந்தால் எஞ்சின் மூடிக்குள் அழுத்தம் ஏறி, முன்னால் எவ்வளவு காற்று தள்ளினாலும் உள்ளே போகாது. தண்ணீர்க் குழாயின் ஒரு முனையை மூடிக்குள் வைத்தால் இதுவும் தெரிந்துவிடும். குளிரூட்டியைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காற்றுக்கு அதுவே சுலபமான வழி. ஒரு டியூப் சிலிகோன் பசையால் அடைக்கக்கூடிய சந்துகளுக்காகப் பெரிய குளிரூட்டி வாங்குவது வீண் செலவு.

குளிர்காலத்தில் தேறியவர்

இன்னொரு பொறியும் இருக்கிறது. வெளிக்காற்று ஒரு டிகிரி ஏறினால் எண்ணெயும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். விஸ்கான்சின் மார்ச் மாதத்தில், காற்று 5 டிகிரி இருக்கும் நாளில், 80 டிகிரி எண்ணெயைக் கண்டு திருப்திப்பட்டவர், ஜூலையில் 35 டிகிரி வெயிலில் அதே ஏற்றத்தில் 110-ஐக் காண்பார். ஆகவே கெட்டிக்காரர்கள் தம் குறிப்பேட்டில் எண்ணெயின் சூட்டோடு வெளிக்காற்றின் சூட்டையும் எழுதி, இரண்டின் வித்தியாசத்தைத்தான் பார்க்கிறார்கள்.

பெர்ட் ரூட்டனின் லாங்-ஈசீ போன்ற, விசிறி பின்னால் உள்ள விமானங்களில் தரையிலேயே தொல்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும்போது குளிரூட்டி மீது விசிறிக் காற்றுகூட நேராகப் படாது. புறப்பட வரிசையில் பத்து நிமிஷம் காத்திருந்தால், ஏறத் தொடங்கும் முன்பே எண்ணெய் பாதி தூரம் ஏறியிருக்கும்.

விமானத்துக்கென்று சான்று பெறாத எஞ்சினை மாட்டினால், அமெரிக்க அரசு பெரும்பாலும் முதல் 40 மணி நேரம் பயணி யாரையும் ஏற்றாமல், குறித்த எல்லைக்குள் பறந்து சோதிக்கச் சொல்கிறது. ஆரம்பத்தில் விமானத் தளத்தின் தலைக்கு மேலேயே வட்டமிட்டு, சிறிது ஏறி, மூக்கைத் தாழ்த்தி, எண்ணெய் குளிர்ந்தபின் மறுபடி சிறிது ஏறி என்று படிப்படியாகப் போகிறார்கள். இறங்கியதும் மூடியைக் கழற்றிப் பார்ப்பார்கள். இந்த எஞ்சினில் பம்பு தள்ளும் எண்ணெய் முழுவதும் முதலில் குளிரூட்டிக்குப் போய்த்தான் பிறகு எஞ்சினுக்குள் திரும்புகிறது. நடுவே உள்ள குழாய் பிய்ந்தால் சில விநாடிகளில் எஞ்சின் வறண்டுவிடும். அதனால் கையில் வெள்ளைத் துணியோடு ஒவ்வொரு இணைப்பையும் துடைத்து, துணியில் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள்.