உங்களுக்குத் தெரியுமா? எரியும் குப்பை, எரியாத குப்பை

● குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பது நேற்று முளைத்த யோசனை அல்ல. லண்டனின் ஷோர்டிச் பகுதி நிர்வாகம் 1897-லேயே அதற்கொரு நிலையம் கட்டிவிட்டது. திறந்து வைத்தவர் விஞ்ஞானி கெல்வின் பிரபு. குப்பைத் தீயில் விளக்குகள் எரிந்தன. மிச்சச் சூட்டில் பக்கத்துப் பொதுக் குளியலகத்துக்கு வெந்நீர் கிடைத்தது. ‘தூசியிலிருந்து ஒளியும் ஆற்றலும்’ என்று லத்தீனில் பொறித்த அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. உள்ளே நடப்பது சர்க்கஸ் பள்ளி! பழைய எரிகூடத்தில் இப்போது மாணவர்கள் அந்தரத்தில் ஊஞ்சலாடுகிறார்கள்.

● அன்றைய லண்டன் குப்பை தயங்காமல் எரிந்ததற்குக் காரணம், வீட்டுக்கு வீடு இருந்த நிலக்கரி அடுப்பு. வாரிக் கொட்டிய சாம்பலோடு பாதி எரிந்த கரித்துண்டுகளும் வந்து சேர்ந்தன.

● டெல்லிக்கு அந்த யோகம் இல்லை. திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில், நாளுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் தரும் ஆலை ஒன்றை 1987-ல் கட்டினார்கள். ஓடியது 21 நாள். உள்ளே போன குப்பையில் வெப்பத்திறன் போதவில்லை. நம் ஊர்க் குப்பையில் பாதியளவு காய்கறித் தோலும் மிச்சச் சோறும்தான். கூடவே தெருவைக் கூட்டி அள்ளிய மண். நன்றாக எரியக்கூடிய காகிதத்தையும் அட்டையையும் பழைய பேப்பர்க்காரரும் குப்பை பொறுக்குபவர்களும் முன்பே எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் செய்வது நல்ல காரியம், ஆனால் ஆலைக்கு மிஞ்சுவது ஈரம். பச்சை விறகை வைத்து அடுப்பு ஊதியவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

● குப்பையை எரிப்பதைவிட அதன் புகையைச் சுத்தம் செய்வதே பெரும்பாடு. எரிந்த வாயு 850 டிகிரி செல்சியஸில் குறைந்தது 2 விநாடி இருந்தாக வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. டையாக்சின் போன்ற நச்சுகள் சிதைவதற்கான ஏற்பாடு இது. தெருமுனைத் தொட்டிக்குத் தீ வைக்கும் புண்ணியவான்களுக்கு: அங்கே 850 டிகிரி வராது.

● சுவீடன் அயல்நாட்டுக் குப்பையை இறக்குமதி செய்கிறது. அதற்குக் காசு கொடுப்பதில்லை. அனுப்புகிற நாடுதான் எரிகூலி தருகிறது. மின்சாரம் போக மிஞ்சும் வெந்நீர் குழாய்வழியே வீடுகளுக்குப் போய்க் குளிரைப் போக்குகிறது. குளிரே தெரியாத ஊர்களில் இந்த இரண்டாவது வருமானத்துக்கு வழியில்லை.

● கோபன்ஹேகனில் எரி ஆலையின் கூரைமேல் பனிச்சறுக்கு விளையாடலாம். 2019-ல் திறந்த சறுக்குத்தளம், உயரம் சுமார் 85 மீட்டர். ஆனால் இத்தகைய ஆலைகளைக் கட்டியபின் அவற்றுக்குத் தினமும் தீனி போட்டாக வேண்டும். உள்ளூர்க் குப்பை போதாமல் டென்மார்க்கும் இறக்குமதியில் இறங்கியது. கடைசியில் 2020-ல், எரிக்கும் திறனையே குறைப்பது என்று அந்நாட்டு அரசு முடிவெடுத்தது.

● கொழும்பின் மீதொட்டமுல்லை குப்பைமேடு 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், வீடுகள்மீது சரிந்து 30-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன்பின், அம்மாநகரக் குப்பையை எரிக்கும் 10 மெகாவாட் ஆலை கெரவலப்பிட்டியில் 2021-ல் திறக்கப்பட்டது.

● குப்பை மின்சாரத்தைப் ‘பசுமை’ என்று விளம்பரப்படுத்துவது பாதி உண்மைதான். உலையில் நன்றாக எரிவது பிளாஸ்டிக்; அதுவோ பெட்ரோலியத்தின் பிள்ளை. அதை எரித்தால் வரும் கார்பன் டை ஆக்சைடும் எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததே.

● எரித்தாலும் குப்பை மாயமாகிவிடாது. கன அளவில் பத்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். 1979-லிருந்து குப்பையை எரித்துவரும் சிங்கப்பூர், அந்தச் சாம்பலைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் இருக்கும் செமாக்காவ் தீவில் கொட்டுகிறது. 1999-ல் திறந்த அந்த இடமும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசின் கணக்கு.