குழாய் ஏன் விறைத்தது?

போன ஆடியில் என் தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகி விட்டது. ஆண் குழந்தை. எடை 1,300 கிராம்தான். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாததால், மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, தாய்ப்பாலையே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தினார்கள்.

மூன்றாம் நாள் சிஸ்டர் அந்தக் குழாயை எடுத்து விட்டு வேறு போட்டார். எடுத்ததைத் தொட்டுப் பார்த்தேன். போடும்போது வெந்த சேமியா மாதிரி துவண்டது, இப்போது விறைத்துப் போயிருந்தது. "அப்படித்தாம்மா ஆகும், அதான் மாத்துறோம்" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. அதிலிருந்த மென்மை எங்கே போச்சு? பிள்ளை வயிற்றுக்குள்தானே!

ரவுண்ட்ஸ் வந்த குழந்தை டாக்டரிடம் கேட்டே விட்டேன். "டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போகுது?" என்று தங்கையின் மாமியார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். டாக்டர் கோபித்துக் கொள்ளவில்லை. நின்று, நிதானமாக விளக்கினார்.

பி.வி.சி. பிளாஸ்டிக் இயல்பிலேயே கெட்டியானது. நம் வீட்டுத் தண்ணீர் பைப் மாதிரி. அதை வளைய வைக்க டி.இ.எச்.பி. என்று எண்ணெய் போன்ற ஒரு ரசாயனத்தைக் கலக்கிறார்களாம். அது பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைவதில்லை. பால், ரத்தம், டிரிப்ஸில் ஏற்றும் கொழுப்பு மருந்து இவை பட்டால் கசிந்து வந்து விடும். (ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவில் போடாதே என்று அம்மா சொன்னபோது நான் கேட்டேனா!) எலிகளிடம் சோதித்ததில் ஆண் குட்டிகளின் விரை வளர்ச்சி கெட்டிருக்கிறது. மனிதக் குழந்தைக்கும் அப்படி ஆகும் என்று நிரூபணம் இல்லை. ஆனாலும், ஆண் சிசுக்களுக்கு இந்த மாதிரி சிகிச்சையில் கூடுமானவரை மாற்றுப் பொருளை யோசியுங்கள் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2002லேயே அறிவித்திருக்கிறது.

"அதுக்காகக் குழாயே வேணாம்னு சொல்லிடாதீங்கம்மா. குழாய் இல்லாட்டி பிள்ளையே இல்லை" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்து விட்டது.

சிலிக்கோன், பாலியூரிதேன் குழாய்களுக்கு இந்த ரசாயனம் தேவையில்லையாம். அவை சுபாவத்திலேயே மெத்தென்று இருக்கும், சீக்கிரம் விறைக்காது. விலைதான் அதிகம். ஆனால், பி.வி.சி. குழாயைப் போல அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. ரத்தப் பையில் மட்டும் சங்கடம். சிவப்பணுக்கள் சீக்கிரம் கெடாமல் காப்பதே அந்த டி.இ.எச்.பி.தானாம்! என்ன விசித்திரம் பாருங்கள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு தங்கை வீட்டுக்காரர் நாலைந்து மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கி, சாயங்காலம் பாலியூரிதேன் குழாய் வாங்கி வந்தார். கவரிலேயே 'டி.இ.எச்.பி. ஃப்ரீ' என்று அச்சிட்டிருந்தது. நாற்பதாம் நாள் பிள்ளை 1,900 கிராம் எடையோடு வீடு வந்தான்.

போன மாதம் எதிர் வீட்டுப் பெண்ணுக்கும் குறைமாதப் பிரசவம். பார்க்கப் போன இடத்தில், "குழாய் கவர்ல என்ன போட்டிருக்குன்னு டாக்டர்கிட்ட கேட்டியாடி?" என்று முதலில் வாய் திறந்தது யார் தெரியுமா? என் தங்கையின் மாமியார்தான்!

- ஒரு வாசகி, தேனி.